தெளிவுக்கு 12

"இதையே அவங்க தன் மொழியில எழுதியிருந்தா, தெளிவுக்கு 12தான் போட்டிருப்பீங்களா?"

கேட்டவர் நடுவர் குழுவில் எனக்கு மூத்தவர். குரலில் கோபம் இல்லை. "ஆங்கிலத்துலதான் அனுப்பணும்னு விதியே இருக்கே சார்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு எக்செல்லில் அடுத்த வரிக்குப் போய்விட்டார். மொத்தப் பேச்சும் அரை நிமிடம் இருக்காது.

நான் சொன்னதில் பொய் இல்லை. விதி அப்படித்தான்.

பண்பாடுகளுக்கு இடையிலான தொடர்பாடல் ஆய்வுக்கு ஆண்டுதோறும் தரும் விருது அது. கடைசியில் நின்றவை இரண்டு ஆய்வேடுகள். ஒன்று, நாடுகளின் பண்பாட்டை எண்களில் ஒப்பிடும் ஹோஃப்ஸ்டீடின் அளவுகோல்களை வைத்துப் பல நாடுகளில் வினாத்தாள் கொடுத்து எடுத்தது. இன்னொன்று, மருத்துவமனையில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே அமரும் மொழிபெயர்ப்பாளர்கள் எதையெல்லாம் மொழிபெயர்க்காமல் விடுகிறார்கள் என்று கூடவே உட்கார்ந்து கவனித்தது. மற்ற இரு நடுவர்களும் ஆளுக்கொரு பக்கம். என் தாள்தான் தீர்த்தது: வினாத்தாள் ஆய்வுக்கு 84, மருத்துவமனை ஆய்வுக்கு 81. தெளிவு என்ற 20 மதிப்பெண் தலைப்பை எடுத்துவிட்டால் 66க்கு 69. இந்தக் கழித்தலை முடிவு அறிவித்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன். முன்பே பார்த்திருந்தால் மாற்றியிருப்பேனா என்றால், தெரியவில்லை.

வினாத்தாள் ஆய்வு மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. கணக்கு சுத்தம். ஆனால் ஹோஃப்ஸ்டீடின் அளவுகோல்கள் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்விலிருந்து பிறந்தவை. ஒரு கம்பெனி ஆட்களை வைத்து ஒரு தேசத்தையே அளக்கலாமா என்ற சண்டை பழையது. அந்த ஆய்வேடு அதைத் தொடவே இல்லை. அதற்கு நான் குறைத்தது 1 மதிப்பெண். மற்றதில் தெளிவுக்கு மட்டும் 8 குறைத்தேன்.

அந்த 8க்கும் காரணம் உண்டு. வாதம் பத்தொன்பதாம் பக்கத்தில்தான் தலை காட்டியது. ஒரே சொல்லை மூன்று பொருளில் புழங்கியிருந்தார். இதெல்லாம் உண்மையான குறைகள். ஆனால் நான் அழுத்தி அடிக்கோடிட்ட வரி வேறு. குழந்தைக்குக் கொடுத்த மருந்தைப் பற்றி மருத்துவர் கேட்கிறார். தாய் வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளரும் சும்மா இருக்கிறார். அந்த இடத்தில் 'டோல்ட் வித்தவுட் டெல்லிங்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன்.

சில வாரம் கழித்து, யாரைப் பற்றியோ பேசும்போது "அவர்தான் சொல்லாம சொல்லிட்டாரே" என்றது என் வாய். அப்படியே நின்றுவிட்டேன். தமிழில் இதற்கு யார் கேள்விக்குறி போடுவார்கள்? இத்துறைக்குக் கால்கோள் என்று நான் வருடாவருடம் வகுப்பில் சொல்லும் எட்வர்ட் ஹாலின் 1959ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குப் பெயரே 'மௌன மொழி'.

இன்னொன்றும் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது. என் ஆய்வேடு ஒவ்வொரு ஆங்கில 'தி'க்கும் 'ஏ'வுக்கும் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. காசு கொடுத்து ஒருவரைத் திருத்த வைத்தேன். நான் கட்டிய சுங்கத்தை இவர் கட்டாமல் கடப்பதா என்று உள்ளே ஏதாவது முனகியதோ? இல்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். பாதி நாள் நம்புகிறேன். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதுதானே நியாயம் என்று மீதி நாள் வாதாடுகிறேன்.

இந்த ஆண்டும் நடுவராக அழைத்தார்கள், ஒப்புக்கொண்டேன். மதிப்பெண் தாள் அதேதான்: தெளிவு, 20. அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லி ஓர் ஈமெயில் எழுதிவைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று இதுவரை மூன்று முறை பார்த்துவிட்டேன்.