ஆல்டோவில் அத்தை: கொயர் நாட்குறிப்பு

அக்டோபர் 26, ஞாயிறு

குன்னூரில் விடிந்ததிலிருந்து மழை. எங்கள் கொயருக்கு, அதாவது பாடகர் குழுவுக்கு, கிறிஸ்துமஸ் சீசனின் முதல் பிராக்டிஸ் இன்று. ஹாலில் இருபத்தாறு நாற்காலி போட்டோம், வந்தது பத்தொன்பது பேர். மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டிய இரண்டு டெனர்கள் (ஆண்களில் மேல் குரல் பாடுகிறவர்கள்), பர்லியார் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் திரும்பிப் போய்விட்டார்கள். டீ ஃபாக்டரி ஆள், நர்ஸ், டீச்சர், வெலிங்டனில் ரிட்டயர் ஆன ஹவில்தார் என்று எல்லாரும் இருக்கிற கொயர் இது. சர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு, கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு.

மாஸ்டர் ஒவ்வொருவரையும் தனியாகப் பாடவைத்துக் குரலைப் பார்த்தார். அத்தையின் முறை வந்தது. மேல் டோவுக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்கு, இரண்டு சுரம் முன்பே குரல் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், அதே இடத்தில் மறுபடி நின்றது. மாஸ்டர் மெதுவாகத்தான் சொன்னார்: "அம்மா, இந்த வருஷம் ஆல்டோவில் உட்காருங்க." ஆல்டோ என்றால் பெண்களின் கீழ்க் குரல். அத்தையோ இருபத்திரண்டு வருஷம் முதல் வரிசையில் மேல் குரலான சோப்ரானோ பாடியவர். சரி என்று தலையாட்டிவிட்டு என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். கையில் இருந்த தாளை நான்காக மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

நவம்பர் 2, ஞாயிறு

அத்தை வரவில்லை. தலைவலியாம். திரும்பி வந்து பார்த்தால் அடுப்படியில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் இருவர் சாப்பிட அவ்வளவு கேரட் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வந்துவிட்டார். இன்று முழுக்க ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதியது. சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர், அரசவைக் கவிஞர். மெட்டில் கர்நாடக சங்கீதம் ஊறியிருக்கிறது. அதுதான் சிக்கலும். நான்கு குரலில் பிரித்துப் பாடும்போது எல்லாரும் கமகம் போட்டால், அதாவது சுரத்தை அசைத்துப் பாடினால், சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கூழாகிவிடும். முதல் அரை மணி நேரம் கூழ்தான். அப்புறம் மாஸ்டர் ஒரு வழி சொன்னார்: மெட்டுப் பாடுகிற சோப்ரானோவுக்கு மட்டும் கமகம், மற்ற மூன்று குரலும் சுரத்தை அசைக்காமல் நேராக நிறுத்த வேண்டும். உடனே பாட்டு தெளிந்தது.

ஆனால் அத்தைக்குத் தொண்டை தானாக அசைகிறது. இத்தனை வருஷம் அந்த மெட்டைப் பாடிய தொண்டை. ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்தி, உதட்டை அழுத்தி மூடிக்கொண்டார். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 19, புதன்

ராத்திரிச் சாப்பாடு முடிந்து அடுப்படியிலேயே பிராக்டிஸ். சுரங்களை டோ, ரே, மி என்று குறிக்கும் டோனிக் சோல்ஃபாவை மாஸ்டர் தமிழ் எழுத்திலேயே எழுதித் தருகிறார். நம் ஸரிகம மாதிரிதான், டோவை எந்த சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஆல்டோ வரியில் சோ, சோ, சோ, சோ, ஒரு லா, மறுபடி சோ. "இதுல பாட்டு எங்கடி இருக்கு?" என்றார் அத்தை.

'சைலண்ட் நைட்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டின் தாளை எடுத்தோம். அதன் முடிவை மாஸ்டர் தன் பாணியில் எழுதியிருக்கிறார். கடைசிச் சொல்லில் சோப்ரானோ ஷட்ஜத்தில் ('ஸ') நிற்கும், டெனரும் ஆண்களின் கீழ்க் குரலான பேஸும் அசையாது. ஆல்டோ மட்டும் சதுச்ருதி தைவதத்திலிருந்து (மேல் 'த') அரை சுரம் கீழே உள்ள சுத்த தைவதத்துக்கு இறங்கி, பிறகு பஞ்சமத்தில் ('ப') வந்து உட்காரும். என்னை ஷட்ஜத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அத்தை இறங்கிப் பார்த்தார். அந்த ஒரு அரை சுரத்தில் என் ஷட்ஜமே வேறு நிறமாகிவிட்டது. நான் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னொரு தரம் பிடி" என்றார். பதினோரு மணி வரை பிடித்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

முதல் நிகழ்ச்சி, ஆஸ்பத்திரி வார்டில். கீபோர்டு வேண்டாம், கிட்டார் போதும் என்று மாஸ்டர் முடிவு செய்தார். 'சைலண்ட் நைட்' 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், ஆஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்ற ஊரில், இரண்டு பேர் கிட்டாரோடுதான் முதலில் பாடினார்களாம். நாலு பாட்டோடு முடித்துக்கொண்டோம், நோயாளிகள் தூங்க வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஊட்டி, ஸ்டீபன்ஸ் சர்ச். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தவை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். காலையில் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி. சாயங்காலம் உள்ளேயும் அதே குளிர்.

புல்லாங்குழல் வாசிக்கிற தம்பிதான் பாவம், சுருதி இறங்கிக்கொண்டே போனது. காற்று குளிர்ந்தால் அதில் ஒலி போகும் வேகம் குறையும், டிகிரிக்கு நொடிக்கு சுமார் 0.6 மீட்டர். பதினைந்து டிகிரி குறைந்தால் குழல் கிட்டத்தட்ட கால் சுரம் இறங்கிவிடும். கீபோர்டுக்கு இந்தக் கவலை இல்லை, அதனால் இரண்டும் சேரவில்லை. குழலை ஸ்வெட்டருக்குள் வைத்து அணைத்துக்கொண்டே தன் இடம் வரும்வரை உட்கார்ந்திருந்தான். வாசித்தபோது சரியாகச் சேர்ந்தது. பாடும் முன் வர்க்கி பிஸ்கட் சாப்பிடக் கூடாது என்பது மாஸ்டர் உத்தரவு, தொண்டையில் தூள் ஒட்டும். முடிந்ததும் எல்லாரும் டீயில் நனைத்து இரண்டு இரண்டு சாப்பிட்டோம்.

டிசம்பர் 21, ஞாயிறு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லயம். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கினார்கள். லயம் என்றால் எங்களுக்குத் தாளம், அவர்களுக்கு வீடு. போகிற வழியெல்லாம் அந்தச் சொல் மனதில் ஓடியது.

திறந்த வெளி. சுவர் இல்லாததால் பாடின குரல் எங்களுக்கே திரும்பி வரவில்லை. பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஒரு சேவல் விடாமல் கூவுகிறது. கீர்த்தனை ஆரம்பித்ததும், வாசற்படியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கூடவே பாட ஆரம்பித்தார். சின்ன வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவராம். அவருக்கு ஒவ்வொரு சரணமும் தெரியும். எங்கள் வேகத்துக்கு அவர் வரவில்லை, அதனால் மாஸ்டர் கையை அமர்த்தினார். சோப்ரானோக்கள் நிறுத்திவிட்டார்கள். மெட்டு பாட்டியிடம் போய்விட்டது, அத்தனை கமகத்தோடும்.

அத்தை நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே சோ, சோ, சோ, ஒரு லா. அசையாமல், நேராக. நானும் அங்கிருந்தே சேர்ந்துகொண்டேன். பாட்டி மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் அத்தையின் சுரம் நிற்காமல் அவருக்காகக் காத்திருந்தது.

திரும்பும்போது ஜீப்பில் இருட்டு. அத்தை தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அரவேணு தாண்டியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஈஸ்டருக்கு என்ன பாட்டுன்னு மாஸ்டர் சொன்னாரா? ஆல்டோ தாள் ரெண்டு வாங்கி வை. உன் தாளைப் பார்த்துப் பாடினா எனக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்குது."