பழுது தேடும் வகுப்பு

தொழிற்சாலையில் ஆப்பரேட்டருக்கும் டெக்னீஷியனுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மாணவர்களிடம் அடிக்கடி கேட்பேன். சம்பளம் என்பார்கள், சட்டை நிறம் என்பார்கள். மெஷின் நின்றுபோனால் ஒருவர் பட்டனை அழுத்திவிட்டு ஆள் கூப்பிடுவார். கூப்பிட்டதும் வருகிறவர், அது ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பார். அந்தக் கண்டுபிடிக்கும் வேலையை இடைநிலைப்பள்ளியிலேயே பழக்கிவிட முடியும். இத்தனை வருடம் மின்னணுவியல் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு உறுதியாகிப்போன விஷயம் அது.

எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம். ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர். இப்போது செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தபோது மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களின் பெண்பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறி, சிப்பில் முடி போன்ற கம்பியைப் பொருத்தும் வேலைக்குப் போனார்கள். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் தூரமும் குறைந்தது. 2024-இல் அங்கே இன்ஃபினியான் நிறுவனம் சிலிக்கான் கார்பைடு சிப் ஆலையைத் திறந்திருக்கிறது. மின்சாரக் காருக்குள் போகிற சிப் நம் பக்கத்து ஊரில் தயாராகிறது. அந்தக் கட்டடத்துக்குள் நம் பிள்ளைகள் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

பாடத்திட்டத்தில் இடமில்லாமல் இல்லை. ஆர்.பி.டி. என்று எல்லாரும் சொல்கிற வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் 2017-இல், இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதல் படிவத்தில் தொடங்கியது. அதன் இரண்டாம் படிவத்தில் மின்னணு வடிவமைப்பு வருகிறது. ஆனால் அதே படிவத்தில் இயந்திரம், மின்சாரம், மீனையும் செடியையும் சேர்த்து வளர்க்கும் அக்வாபோனிக்ஸ், உணவு, ஆடை வடிவமைப்பு எல்லாமும் வருகின்றன. ஐந்தாம் படிவ இயற்பியலிலும் கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு, சுவிட்சு போல அதைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதைப் பெரும்பாலும் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். நேரம் போதாததால் பல இடங்களில் ரெடிமேட் கிட் வாங்கி, படத்தைப் பார்த்துப் பொருத்தி, விளக்கு எரிந்ததும் மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறோம். முதல் தடவையிலேயே விளக்கு எரிந்துவிட்ட சர்க்கியூட்டிலிருந்து பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று கேட்டால், சொல்ல அதிகம் இருக்காது.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இருட்டினால் தானாக எரியும் விளக்கு, எளிமையான சர்க்கியூட். 9 வோல்ட் பேட்டரி, ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு சிவப்பு எல்.ஈ.டி., அதற்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்த 470 ஓம் ரெசிஸ்டர். டிரான்சிஸ்டரைத் திறக்கச் சொல்லும் கால்தான் பேஸ். அதற்கு மேலே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், கீழே வெளிச்சத்தை உணரும் எல்.டி.ஆர். வெளிச்சம் பட்டால் எல்.டி.ஆரின் தடை குறைந்து பேஸ் வோல்ட்டேஜைக் கீழே இழுக்கும், விளக்கு அணையும். கையால் மூடினால் தடை ஏறும். பேஸில் 0.6, 0.7 வோல்ட் வந்ததும் டிரான்சிஸ்டர் திறந்து விளக்கு எரியும்.

பின்வரிசை மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை.

"டீச்சர், இது அணைய மாட்டேங்குது."

"எங்கேயிருந்து பார்க்கப் போறம்மா?"

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வோல்ட்டேஜும் தடையும் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து, கறுப்பு முனையை டிரான்சிஸ்டரின் இன்னொரு காலான எமிட்டரிலும் சிவப்பு முனையை பேஸிலும் வைத்தாள். 0.7. எல்.டி.ஆரைக் கையால் மூடினாள், 0.7. கையை எடுத்தாள், அதே 0.7. பக்கத்தில் இருந்தவன் டிரான்சிஸ்டர் செத்துப்போச்சு, மாற்றலாம் என்றான். இவள் மாற்றவில்லை. பேஸில் 0.7 இருக்கும்வரை டிரான்சிஸ்டர் விளக்கை எரிய வைக்கத்தானே செய்யும், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றாள். அப்படியானால் எல்.டி.ஆர். கீழே இழுக்க முடியாத அளவுக்கு மேலேயிருந்து கரண்டு வருகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மேலே இருந்த ரெசிஸ்டரைப் பிடுங்கி அளந்தாள். 9.9 கிலோ ஓம்.

100 இருக்க வேண்டிய இடத்தில் 10. ரெசிஸ்டரின் மேலுள்ள நிறக் கோடுகள் பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் 100 கிலோ. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கிலோ. பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு மஞ்சளாகத்தான் தெரியும். சரியானதை மாற்றியதும் விளக்கு அணைந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவள் செய்தது முழுக்க முழுக்க ஒரு டெக்னீஷியன் செய்கிற வேலை. எது ஒழுங்காக இருக்கிறது என்று முதலில் நிச்சயப்படுத்திக்கொண்டாள், மிச்சத்தில் தேடினாள்.

அதற்குப் பிறகு நானே வேண்டுமென்று பழுது வைத்த பலகைகளைத் தயார்செய்ய ஆரம்பித்தேன். திருப்பிப் போட்ட டையோடு, பார்க்க முழுதாக இருந்தும் உள்ளே அறுந்துபோன வயர், சரியாகப் பிடிக்காத ஈயம். மிகவும் அலைக்கழிப்பது, ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டின் ஓரத்துச் சிவப்புக் கோடுதான். சில போர்டுகளில் அந்த வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு பாதியில் 9 வோல்ட், மறுபாதியில் பூஜ்யம். கோட்டைப் பார்த்து நம்புகிறவன் மணிக்கணக்கில் தவிப்பான், மீட்டரை வைத்துப் பார்க்கிறவன் இரண்டு தொடுதலில் கண்டுபிடிப்பான். முள் ஓடும் பழைய மீட்டர்களையும் நான் தூக்கிப்போடவில்லை. அவற்றில் ஓம் அளக்கும்போது கறுப்பு முனையில்தான் பாசிட்டிவ் வரும். டையோடைச் சோதிக்கையில் இது தெரியாவிட்டால் விடை தலைகீழாகிவிடும்.

தாளில் மூன்று பத்தி போட்டுக் கொடுப்பேன். என்ன இருக்க வேண்டும் என்று நினைத்தாய், மீட்டர் என்ன காட்டியது, அடுத்து எங்கே தொட்டாய். விளக்கு எரியாமலே போனாலும் மூன்று பத்தியும் ஒழுங்காக இருந்தால் என் வகுப்பில் நல்ல மதிப்பெண். இதை ஏற்றுக்கொள்ளச் சக ஆசிரியர்கள் சிலருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கண்காட்சியில் வைக்க எரிகிற விளக்குதான் அழகு, நியாயம்தான்.

தமிழ்த் தொடக்கப்பள்ளியிலிருந்து மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதில் எனக்குத் தெரிந்த தனிப் பலன் ஒன்று உண்டு. முதல் இரண்டு வருடம் மலாயில் எழுந்து பேசக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் கையில் அளந்த எண் இருந்தால் தயக்கமில்லாமல் வாதாடுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த பையன்களுக்கு ஏற்கெனவே பழக்கமும் இருக்கிறது. அப்பாவோடு உட்கார்ந்து மருந்தடிக்கும் பம்பையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்துப் போட்டவர்கள். அந்தப் பொறுமையை மில்லிவோல்ட் பக்கம் திருப்பிவிடுவதுதான் என் வேலை. பாடத்தில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கிய சிலர் தொழிற்கல்லூரியான கொலேஜ் வொகேஷனலுக்கும் பொலிடெக்னிக்குக்கும் போய் நன்றாக வந்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். வீட்டில் கெட்டுப்போன சின்னப் பொருள்களை வீசாதீர்கள். டார்ச், ரிமோட், பேட்டரியில் ஓடும் ரேடியோ, விளையாட்டுக் கார் எல்லாம் எங்களுக்கு நல்ல பாடப்புத்தகம். தானாகத் திறக்கும் வாசல்கதவின் (ஆட்டோகேட்), எறும்பு கூடு கட்டிய சர்க்கியூட் போர்டு கிடைத்தால் இன்னும் நல்லது, இங்கே அடிக்கடி நடக்கிற பழுது அது. மைக்ரோவேவ் அடுப்பு மட்டும் வேண்டாம். அதன் கெப்பாசிட்டர் 2,000 வோல்ட் அளவில் வேலை செய்வது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும். பழைய பெட்டி டிவியும் அப்படியே. சுவரில் மாட்டும் அடாப்டர்களையும் பிள்ளைகள் திறக்க விடாதீர்கள். உள்ளே 230 வோல்ட் மின்சாரம் டி.சி.யாக மாறி 320 வோல்ட்டுக்கு மேல் போயிருக்கும். மற்றவற்றை வியாழக்கிழமை மதியம் பட்டறையில் கொடுத்தால் போதும். திறந்து பார்த்து ஸ்குரூவைத் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள்.