எங்க சத்தம் எங்கல மக்கா?

நான் எடுத்த ஒரே ஆவணப்படம் பத்தொன்பது நிமிடம் ஓடும். 2016-ல் குமரி மாவட்டத்து இனயம் துறைமுகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்த பிறகு, எங்கள் கடற்கரையில் ஊர் ஊராகக் கருப்புக் கொடியும் ஊர்வலமுமாக இருந்த சமயம். கல்யாண வீடியோ எடுக்கிற நண்பனிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு ஊர்வலத்தின் கூடவே நடந்தேன். பாதி வழி போவதற்குள் கடைசிக் காட்சிக்கு என்ன பாட்டு என்று முடிவாகிவிட்டது: கனடா ராக் பாடகர் நீல் யங் 1989-ல் பாடிய 'ராக்கிங் இன் தி ஃப்ரீ வேர்ல்ட்'. படத்தில் என்ன சொல்லப்போகிறேன் என்பது அப்போது முடிவாகவில்லை, பாட்டு மட்டும் முடிவாகிவிட்டது. கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை.

அந்தப் பாட்டு மண்டையில் ஏறக் காரணம் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூர். ஈராக் போரை எதிர்த்து அவர் எடுத்து 2004-ல் வந்த 'ஃபாரன்ஹீட் 9/11' படத்தின் கடைசியில் அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ் ஒரு பழமொழியைச் சொல்ல வந்து பாதியில் தடுமாறி, மறுபடி ஏமாற மாட்டோம் என்கிற மாதிரி என்னவோ சொல்லி முடிப்பார். மூர், இந்த ஒருமுறை இவர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன் என்பார். உடனே கிட்டார் வெடிக்கும். அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது எழுந்து கை தட்டினேன், வீட்டில் வேறு யாரும் இல்லை. மூர் முதலில் அந்த இடத்துக்குக் கேட்டது 'தி ஹூ' குழுவின் 1971 பாட்டு, 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்'. புஷ் உளறியதும் கிட்டத்தட்ட அதே வரிதான், பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். எழுதிய பீட் டவுன்ஷெண்ட் தர முடியாது என்றுவிட்டார். அதற்கப்புறம்தான் நீல் யங்.

கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவன் என்பதால் எனக்கு அந்தப் பாட்டு இன்னும் நெருக்கம். ஈ மைனர், டி, சி என்று போகும். காணிக்கைப் பாட்டுக்கு நான் வருஷக்கணக்கில் வாசித்த அதே கார்டுகள்தான், கிட்டாரைக் கரகரவென்று உறும வைக்கிற டிஸ்டார்ஷனை மட்டும் பங்குத்தந்தை அனுமதிக்க மாட்டார்.

சரி, படம் முடிந்தது. கோயில் முற்றத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஞாயிறு சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் போட்டோம். கடைசி நான்கு நிமிடம் ஊர்வலம்: கருப்புக் கொடி பிடித்த பெண்கள், தோளில் தூங்குகிற பிள்ளைகள், பின்னால் கடல், மேலே நீல் யங் முழு வால்யூமில். பையன்கள் விசிலடித்தார்கள். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மாமி ஒருத்தி, படத்தில் நான்கு இடத்திலாவது வருகிறவள், எழுந்து என் பக்கம் வந்தாள்.

"பாட்டு கொள்ளாம். நாங்க தொண்டை கீறக் கத்துனோமே, எங்க சத்தம் எங்கல மக்கா?"

என்னிடம் பதில் இல்லை. திரையில் அவள் வாய் திறந்து திறந்து மூடியது. வந்த குரல் கனடாக்காரருடையது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் மூர் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தப் பாட்டு யாருடைய குரலையும் மூடவில்லை. பேச வேண்டியவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு, மகனைப் போரில் இழந்த அம்மா அழுது முடித்த பிறகு, எழுத்து ஓடப்போகிற இடத்தில்தான் வருகிறது. நான் வெடியை மட்டும் எடுத்துக்கொண்டு திரியை விட்டுவிட்டேன்.

அதே படத்தில் முன்பு நான் கவனிக்காமல் தாண்டிய இன்னொரு காட்சியும் உண்டு. ஈராக்கில் டாங்கி ஓட்டுகிற பையன்கள், சண்டைக்குப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் என்ன பாட்டு கேட்போம் என்று உற்சாகமாகச் சொல்கிறார்கள். கூரை எரிகிறது, எரியட்டும் என்று வருகிற பாட்டு. ஒரே படத்தில் டாங்கிக்கு உள்ளேயும் உரத்த பாட்டு, டாங்கியை எதிர்க்கவும் உரத்த பாட்டு. டிரம்ஸும் டிஸ்டார்ஷனும் யார் கையில் கொடுத்தாலும் வேலை செய்யும், அதற்குக் கட்சி கிடையாது. நீல் யங் பாட்டில் குப்பைத் தொட்டிப் பக்கம் கைக்குழந்தையோடு நிற்கிற ஒரு போதைக்காரப் பெண் வருகிறாள், பெரிய புஷ்ஷை, அதாவது இந்தப் புஷ்ஷின் அப்பாவை, நேராகவே குத்துகிற வரியும் வருகிறது. ஆனால் தூரத்தில் நின்று பல்லவியை மட்டும் கேட்டால் தேசபக்திப் பாட்டு மாதிரி இருக்கும். 2015-ல் டிரம்ப் தன்னை அதிபர் வேட்பாளராக அறிவித்த மேடையில் ஒலித்தது இதே பாட்டு. நீல் யங் எதிர்ப்புத் தெரிவித்தார், 2020-ல் வழக்கும் போட்டார். வரி புரியாத கூட்டத்துக்கு முன்னால் போட்டால் எதிர்ப்புப் பாட்டும் வெறும் மேளம்தான். எங்கள் கோயில் முற்றத்தில் நான் செய்ததும் அதுதான்.

மூரிடம் கற்க வேண்டியது அவருடைய முதல் படம் என்று இப்போது தோன்றுகிறது. 1989-ல் வந்த 'ரோஜர் அண்ட் மீ'. கார் தொழிற்சாலை ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பிய ஃபிளிண்ட் நகரம். அங்கே வேலை பார்த்த ஒருவர், மனசு உடைந்து காரில் வீடு திரும்பும்போது ரேடியோவில் 'பீச் பாய்ஸ்' பாட்டு ஓடியது என்கிறார். நாம் சேர்ந்து வாழ்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிற குழைவான காதல் பாட்டு. அது அப்படியே தொடர, திரையில் பலகை அடித்த வீடுகள் வந்துகொண்டே இருக்கும். கோபமே இல்லாத பாட்டு, பார்க்கிற நமக்குத்தான் கோபம் வரும். அந்த ஆள் சொன்ன பாட்டு என்பதால் ஒட்டுப்போட்ட மாதிரியும் இல்லை.

நம் நாட்டு ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் இன்னும் நேர்வழி. 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தில் பாட்டு மேலிருந்து விழுவதில்லை; பாடுகிறவர் திரையிலேயே நிற்கிறார், வியர்வை தெரிகிறது, பக்கத்தில் பிள்ளைகள் நெளிகிறார்கள். 1997-ல் மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் சுட்டுப் பத்துப் பேர் செத்ததிலும், அதைத் தாங்காமல் உயிரை விட்ட பாடகர் விலாஸ் கோக்ரேயிலும் ஆரம்பித்து, பதினான்கு வருஷம் எடுத்த படம். நான் ஒரு மத்தியானம் எடுத்தேன்.

இதற்கிடையில் இணையத்தில் ஏற்றிய படத்துக்கு வேறு கதி. பாட்டுரிமைக்காகத் தளத்துக்காரர்கள் கடைசி நான்கு நிமிடச் சத்தத்தையே பிடுங்கிவிட்டார்கள். மாமி வாய் மறுபடி திறந்து மூடுகிறது, இந்தத் தடவை கனடாக்காரரும் இல்லை.

திருத்தலாம் என்று மூலக் காட்சிகளைத் தேடி எடுத்தால் அதிலும் மண். மேலே பாட்டுதானே வரப்போகிறது என்று மைக்குக்குப் பஞ்சு உறைகூட மாட்டாமல் எடுத்திருக்கிறேன். நான்கு நிமிடமும் காற்று. புஸ்ஸென்ற இரைச்சலுக்கு நடுவே 'மாட்டோம்' என்று ஒரு துண்டு, அப்புறம் காற்று.

கடைசியில் ஊர்வலத்தில் கூட வந்த ஒரு பையனின் போனில் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி கிடைத்தது. படம் ஆட்டமோ ஆட்டம், சத்தம் சுத்தம். கூட்டத்துக்கு உள்ளே இருந்து எடுத்ததால் ஒருத்தி "விடமாட்டோம்" என்று எடுத்துக் கொடுப்பதும் மற்றவர்கள் வாங்கிக்கொள்வதும் காது பக்கத்தில் கேட்கிறது. என் காட்சிக்கு அடியில் அதை வைத்தேன். உதடு பொருந்தவில்லை, பரவாயில்லை. நடுவில் யாரோ "எட்டி, தண்ணி இருக்கா?" என்கிறாள். வெட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மாமி வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துப் போட்டுக் காட்டினேன். பேசாமல் பார்த்தாள். தண்ணி கேட்ட இடம் வந்ததும் என் கையைத் தட்டினாள்.

"அது எங்க மைனியாக்கும். அவளுக்கு எப்பவும் தண்ணி வேணும்."