தமிழய்யாவும் ஒரு வெள்ளைக் குட்டியும்

2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டுநாய், ராம்பூர் வேட்டைநாய், கர்நாடகத்து முதோள், நான்காவதாக நம்ம ஊர் ராஜபாளையம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் தமிழய்யா அதை ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள் வைத்து எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுவந்தார். பெஞ்சு பெஞ்சாகக் கைமாறியது. அன்றைக்கு இலக்கணம் இருக்காது என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த மாதம்தான் பள்ளி மோட்டார் அறையில் செம்புக் கம்பி களவு போயிருந்தது. காவலுக்கு நாய் வைக்கலாமா என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயா அதையே பாடமாக்கினார். வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்தார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, அப்புறம் சாதாரணத் தெருநாய். ஒவ்வொரு குழுவும் தன் நாய்க்காக வாதாட வேண்டும். மூன்று வாரம் தவணை. கேட்கப்போவது வகுப்பு அல்ல, தலைமையாசிரியர்.

"அவருக்கு நாய்னாலே ஆகாது. அவரைச் சம்மதிக்க வைக்கணும். கத்திப் பேசினா நடக்காது, கண்ணீர் விட்டாலும் நடக்காது. என்ன செய்வீங்க?"

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பேச்சுப்போட்டி என்றால் என்னவென்று தெரியும். அவையோர்க்கு வணக்கம், நடுவில் இரண்டு மேற்கோள், கடைசியில் குரலை உயர்த்தி ஒரு முழக்கம். நான் அதில் பரிசெல்லாம் வாங்கியவன். ராஜபாளையம் குழுவுக்கு என்னைத் தலைவனாகப் போட்டதும் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஐயா கரும்பலகையில் மூன்று சொல் எழுதினார். பக்கம், ஏது, திட்டாந்தம். மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் தருக்கம் கற்கும் இடத்தில் வருபவை. அந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். ஏனென்றால் புகை தெரிகிறது, இது ஏது. அடுக்களையைப் போல என்று எல்லோரும் அறிந்த ஒன்றைக் காட்டுவது திட்டாந்தம். ஏது மாதிரியே தோன்றி ஏமாற்றுவதற்கு ஏதுப்போலி என்று பெயர். ஒரு காப்பியத்துக்குள் இவ்வளவு இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வந்திருந்தால் நான் இதை எப்போதோ மறந்திருப்பேன். நாயை வைத்துச் சொன்னதால் இருபது வருஷமாக மறக்கவில்லை.

ஏதுப்போலிக்கு முதல் உதாரணம் நான்தான் கொடுத்தேன். "அரசாங்கமே தபால்தலை போட்டிருக்கு ஐயா, அதனால ராஜபாளையம்தான் சிறந்த காவல் நாய்" என்றேன். "தபால்தலையில ரோஜாப்பூகூடத்தான் வந்திருக்கு. அது திருடனைப் பிடிக்குமா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்து அடங்கும்வரை காத்திருந்து, "அவனைப் பார்த்துச் சிரிக்காதீங்க. தைரியமா ஒண்ணைச் சொல்லியிருக்கான், அதனாலதான் நமக்கு உதாரணம் கிடைச்சது" என்றார். அவர் வகுப்பில் யாரும் வாய் திறக்கப் பயந்ததில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம்.

அடுத்த வேலை நோட்டு. கோடு போடாத நாற்பது பக்க நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம் போடச் சொன்னார். பார்த்தது, கேட்டது, நினைத்தது. காண்டல், உரை, கருதல் என்று பழைய நூல்கள் சொல்லும் அளவைகள், அதாவது ஒன்றை அறியும் வழிகள்தான், எங்களுக்காக எளிய பேச்சில். எந்தச் செய்தி கிடைத்தாலும் அது எந்தக் கட்டம் என்று தெரியாமல் எழுதக் கூடாது.

ஊரில் எல்லோரும் சொல்லும் கதை உங்களுக்கும் தெரியும். நான்கு ராஜபாளையம் நாய்கள் சேர்ந்து எசமானைக் காப்பாற்றப் புலியையே கொன்றன என்பது. பாளையக்காரர் போரில் வெள்ளைக்காரன் குதிரை லாயத்துக்குள் புகுந்து கலக்கின என்பது இன்னொன்று. என் குழுவில் இருந்த ஒருவன் புலிக்கதையை முதல் கட்டத்திலேயே எழுதிவிட்டான். ஐயா அவனிடம் யார் சொன்னது என்று கேட்டார். மாமா. மாமாவுக்கு யார் சொன்னது? அன்று சாயங்காலம் அவன் மாமாவைக் கேட்டு, மாமா சொன்ன மில் மேஸ்திரியைக் கேட்டு, மேஸ்திரி கைகாட்டிய பழைய பஸ் நிலையத்து டீக்கடைக்காரரிடம் போய் நின்றான். அவர் "எல்லாரும் சொல்றதுதானப்பா" என்றார். நடந்திருக்கவே முடியாது என்று ஐயா சொல்லவில்லை. இரண்டாவது கட்டத்துக்கு மாற்றி எழுதச் சொன்னார், அவ்வளவுதான். 2020இல் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய் இனங்களைப் பெயர் சொல்லிப் பேசிய பிறகு அதே புலிக்கதை என் கைப்பேசிக்கு வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த டீக்கடைதான் ஞாபகம் வந்தது.

முதல் கட்டத்தை நிரப்ப நாங்கள் சஞ்சீவி மலைப் பக்கம் நாய் வளர்க்கும் ஒரு தாத்தா வீட்டுக்குப் போனோம். தையல்கடையிலிருந்து இஞ்சு டேப் கடன் வாங்கிப் போயிருந்தோம். பெரிய நாய் ஒன்றைத் தாத்தா பிடித்துக்கொள்ள, முன்கால் பாதத்திலிருந்து தோள்வரை அளந்தோம். இருபத்தேழு அங்குலம். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, தேன் நிறக் கண், மடிந்த காது. தோல் அவ்வளவு மெல்லிசாக இருந்ததால் காதுக்குள் ஓடும் நரம்பு வெயிலில் சிவப்பாகத் தெரிந்தது. எங்களைப் பார்த்து ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. தாத்தாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் கம்பங்கூழும் மோரும், வாரத்தில் ஒருநாள் கறி என்றார். காட்டுப்பன்றி வேட்டைக்கு அவர் அப்பா காலத்தில் கொண்டுபோனார்களாம். அதை இரண்டாவது கட்டத்தில் எழுதிக்கொண்டோம்.

பின்கட்டில் ஒரு ஈற்றுக் குட்டிகள் இருந்தன. ஆறு. ஒன்றரை மாதம் இருக்கும். தாத்தா எவர்சில்வர் தட்டைக் கல்லில் தட்டினார். ஐந்து குட்டிகள் உருண்டு விழுந்து ஓடிவந்தன. ஆறாவது, சாக்கின் மேல் படுத்தபடி படுத்திருந்தது. நான் அதன் தலைக்குப் பின்னால் குனிந்து கை தட்டினேன். காது அசையவில்லை. வயிறு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. என் நிழல் மேலே விழுந்ததும்தான் திடுக்கிட்டு எழுந்து, என் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

"அது செவிட்டுக் குட்டிப்பா. இந்தச் சாதியில அப்பப்ப ஒண்ணு ரெண்டு அப்படி விழும்."

கால்நடை மருந்தகத்து டாக்டர் காரணம் சொன்னார். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உட்காதிலும் இருக்கின்றன. அவை அங்கே இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் பகுதி கெட்டுவிடுகிறது. வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கும் இனங்களில் இந்தக் குறை கூடுதலாக வரும், புள்ளிபோட்ட டால்மேஷியனிலும் உண்டு என்றார். எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டோம்.

எழுதியதைச் சொல்லத்தான் இல்லை. திரும்பி வரும் வழியில் நான்தான் சொன்னேன், இது வேண்டாம், நம் நாய்க்கு எதிராகப் போய்விடும் என்று. மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தலைமையாசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சிப்பிப்பாறைக் குழு முயலை விரட்டும் வேகத்தைப் பற்றிப் பேசியது. அந்த ஊர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்ற பெருமை அவர்களுக்கு. கன்னி, கோம்பை இரண்டும் சுமார்தான். எனக்கு நல்ல கைதட்டல். சைதாப்பேட்டையில் அரசே அப்போது நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவு நடத்திவந்ததுவரை சொன்னேன். உட்காரப் போகும்போது தெருநாய்க் குழுவில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். அவளும் அந்தத் தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள். எதிராளியின் நாயையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று எங்களில் அவளுக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது.

"ஐயா, அந்த ஈத்துல ஒரு குட்டிக்குக் காது கேக்காது. இவங்க நோட்டுலயும் அது இருக்கும். ராத்திரி சத்தம் கேக்காத நாய் நமக்கு வந்துட்டா என்ன செய்யறது?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுவரை நான் சொன்ன இருபத்தேழு அங்குலம், கம்பங்கூழ், சைதாப்பேட்டை எல்லாவற்றையும் அவர் மனசுக்குள் திரும்ப எடுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஒன்றை மறைத்தவன் சொன்ன மற்றதெல்லாம் உண்மைதானா என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்?

ஐயா திட்டவில்லை. சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்கூட வாசல்வரை நடந்தார். "நாளைக்கு மறுபடி பேசு. ஆனா அந்தக் குட்டியில ஆரம்பி. எதிராளி சொல்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. அதுக்கப்புறம் நீ சொல்ற எதையும் அவங்க நம்புவாங்க" என்றார்.

மறுநாள் அந்தக் குட்டியில் ஆரம்பித்தேன். முழக்கம் எதுவும் இல்லை. இந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கும், காரணம் இது, வாங்குவதற்கு முன் ஒன்றரை மாதம் ஆன பிறகு பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும், நிழலும் காற்றும் படாமல் தட்ட வேண்டும் என்றேன். தலைமையாசிரியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தது அப்போதுதான். இரண்டு கேள்வி கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

கடைசியில் பள்ளி ராஜபாளையம் வாங்கவில்லை. காவலாளி அண்ணனோடு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த செவலை நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, கழுத்துப்பட்டை கட்டி, அதையே வைத்துக்கொண்டார்கள். அந்த மாணவியின் குழு கேட்டது அதைத்தான். சரியான முடிவு என்று அன்றே எனக்குத் தோன்றியது. இந்தப் பள்ளி மலரை வாசிக்கும் தம்பி தங்கைகளில் சிலர் அந்தச் செவலையைப் பார்த்திருப்பீர்கள்.

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் எனக்குப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங், வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு. பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். உயரத்தில் ஏறும்போது ஹார்னஸ் என்கிற பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்டுங்கள் என்று சட்டம் சொல்லி மிரட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "இதைப் போட்டா வேர்த்துக் கொட்டும், வேலையும் கொஞ்சம் மெதுவாத்தான் நடக்கும் அண்ணே" என்றுதான் நான் ஆரம்பிப்பேன். அவர்கள் மனசில் இருப்பதை நானே சொன்ன பிறகுதான் என் பேச்சு அவர்களுக்குள் போகும்.

போன பொங்கல் விடுப்பில் ஐயாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது, பார்வை மங்கிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறைப்படி இனங்களாகப் பதிவு செய்திருப்பதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அப்புறம், "அந்தச் செவிட்டுக் குட்டி என்ன ஆச்சு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக அந்தக் குட்டியைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், அது என்ன ஆனது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

மறுநாள் காலை தாத்தா வீட்டுக்குப் போனேன். தாத்தா காலமாகிவிட்டார், மகன் இருந்தார். யோசித்துப் பார்த்துச் சொன்னார். விலைக்குப் போகாத குட்டி என்று சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒருவர் சும்மா வாங்கிப் போனாராம். விசைத்தறி ஓடும் சத்தத்தில் வேறு எந்த நாயும் அந்தக் கொட்டகையில் தங்காது. இது தறிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குமாம். கூப்பிட வேண்டும் என்றால் கையை அசைப்பார்களாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்ததாம்.

ஐயாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நீ பார்த்தியா, கேட்டியா?"

"கேட்டதுதான் ஐயா."

"சரி. அந்தக் கட்டத்துல எழுதிக்கோ."