மலைமேல் ஒரு சிறு விடுதி: சீசன் கால நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 30, செவ்வாய்

உதகமண்டலத்தில் இந்த வாரம் வெயில் 29 டிகிரியைத் தொட்டுவிட்டது. பார்சன்ஸ்வேலி அணையை நம்பியிருக்கும் நகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி கூடிக்கொண்டே போக, எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து டேங்கர் லாரிகள் ஏறுகின்றன. அப்பா தொடங்கி, இப்போது நானும் தம்பியும் சேர்ந்து நடத்தும் பன்னிரண்டு அறை விடுதி இது. லாரித் தண்ணீரை வாங்கிச் சீசனை ஓட்டிவிடலாம்தான். ஆனால் அந்தத் தண்ணீரும் இதே மலையில் யாரோ ஒருவருடைய கிணற்றிலிருந்துதான் வருகிறது என்பதால், முதலில் தண்ணீர்ச் செலவைக் குறைத்துப் பார்ப்பது, முடியாதபோது மட்டும் லாரியைக் கூப்பிடுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

மே 3, வெள்ளி

இந்த ஊரில் அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, வெந்நீர் எப்போது வரும் என்பதுதான். எங்களைப் போன்ற விடுதியின் மின்சாரம், தண்ணீர் இரண்டும் பெரும்பாலும் அதில்தான் கரைகின்றன.

பதினைந்து லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலான மின்சாரம் வேண்டும். அறைக்கு ஒரு கீசர் இருந்த காலத்தில், காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு தொட்டபெட்டாவுக்குக் கிளம்பிவிடுபவர்களின் அறையில் அது பகல் முழுவதும் ஆறுவதும் காய்வதுமாக இருக்கும். இப்போது மொட்டைமாடியில் கண்ணாடிக் குழாய் வகை சோலார் ஹீட்டர் இருக்கிறது. தட்டை வகை வேண்டாம் என்று தம்பி பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் ஜனவரி உறைபனி: அந்த வகையின் செப்புக் குழாய்க்குள் தேங்கும் நீர் உறைந்து விரிந்தால் குழாயே வெடித்துவிடும்.

சோலாரிலும் ஒரு சங்கடம் உண்டு. மாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளத்தின் கடைசி அறைக்கு முக்கால் அங்குலக் குழாய் 25 மீட்டர் ஓடுகிறது. அதில் ஆறிப்போய் நிற்கும் ஏழு லிட்டர் அளவு நீர் வெளியேறிய பிறகுதான் கையில் சூடு படும். அதுவரை குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தால் அத்தனையும் சாக்கடைக்குப் போகும். குழாய்மேல் நுரை உறை சுற்றியும் இரவில் ஆறிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு குளியலறையிலும் குழாயடியில் ஒரு நீல பக்கெட் இருக்கிறது. அறையைத் திறந்து காட்டும்போதே தம்பி சொல்லிவிடுகிறான்: "சார், மொதல்ல வர்ற பச்சத்தண்ணிய இதுல புடிச்சு வச்சிருங்க, நாங்க தரை தொடைக்க எடுத்துக்கறோம்." சுவரில் ஒட்டிய காகிதத்தை யாரும் படிப்பதில்லை, ஆள் நின்று சொன்னால் பெரும்பாலோர் செய்கிறார்கள்.

மே 7, செவ்வாய்

உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இன்று முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதிச் சீட்டு. அறைகள் காலியாகக் கிடக்குமோ என்று அக்கம்பக்கத்து விடுதிக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. ஆயினும் எத்தனை வண்டி ஏறுகிறது என்ற கணக்கே இல்லாமல் இந்த மலை எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இதை மனமார வரவேற்கிறேன்.

மே 12, ஞாயிறு

மலர்க் கண்காட்சிக் கூட்டம். கல்லாறு, பர்லியாறு சோதனைச் சாவடிகளில் தண்ணீர் பாட்டில்களைப் பறிகொடுத்த எரிச்சலோடு சிலர் வந்து சேர்கிறார்கள். அறையில் எவர்சில்வர் ஜாடியில் காய்ச்சி வடிகட்டிய நீரைப் பார்த்ததும் பாதிக் கோபம் தணிந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு முன்பதிவுத் தளத்தில், பாட்டில் தண்ணீர் வைக்கவில்லை என்று ஒருவர் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். மாவட்டத்தில் அதற்குத் தடை இருப்பதை விளக்கிப் பொறுமையாகப் பதில் எழுதினேன். இனி முன்பதிவை உறுதிசெய்யும் செய்தியிலேயே இ-பாஸோடு இதையும் சேர்த்துவிட வேண்டும்.

அறைகளில் விட்டுப்போகும் மதுபாட்டில்களைத் துப்புரவு பார்க்கும் அக்கா எடுத்துக்கொண்டு போகிறார். 2022 முதல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் டாஸ்மாக்கில் பத்து ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பணம் அவருக்கே. காட்டோரம் உடைந்து கிடந்து யானைகளின் காலைக் கிழித்த கண்ணாடி இது.

மே 19, ஞாயிறு

கேத்தி பாலாடாவிலிருந்து வரும் கேரட்டைத் தழையோடு வாங்குகிறோம். தழை உரக்குழிக்குப் போகிறது. குளிரில் மக்குவதற்கு மாதங்கள் ஆகும். சோறும் குழம்பும் மட்டும் அதில் சேரக்கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பான விதி, ஏனெனில் அந்த வாசனைக்குக் கரடி வரும். வந்து பழகிவிட்ட கரடிக்குத்தான் பிறகு கூண்டு வைக்கிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

தென்மேற்குப் பருவமழையின் மேகம் இறங்கிவிட்டது. சோலார் தொட்டியில் நீர் வெதுவெதுப்போடு நின்றுவிடுவதால் துணை மின் ஹீட்டரைப் போட வேண்டியிருக்கிறது. விறகு பாய்லர் வைக்கலாம் என்கிறார் அப்பா. சீகை மரம் சோலையையும் புல்வெளியையும் விழுங்கிய அயல் மரம்தானே, அதை எரித்தால் மலைக்கு நல்லதுதானே என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காற்றில்லாத காலையில் எங்கள் பள்ளத்தில் புகை கலையாமல் நிற்கும், பக்கத்து வீட்டில் மூச்சிரைப்புள்ள பெரியவர் இருக்கிறார். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் என்றால் கீசரின் மின்சாரத்தில் பாதிக்கும் குறைவாகவே ஆகும், கடுங்குளிரில் அந்த லாபம் குறைந்தாலும்கூட. விலைதான் இடிக்கிறது. அடுத்த சீசனுக்கு முன் அதை வாங்குவதென்றும், அதுவரை மழை நாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டும் வெந்நீர் தருவதென்றும், அந்த நாட்களில் வாடகையைச் சற்றுக் குறைப்பதென்றும் மூவரும் பேசி முடித்தோம். நாளை முதல் அறை எடுப்பவர்களிடம் இதைச் சொல்லியே பணம் வாங்குவோம்.