மிச்ச நிவாரணமும் கல்லடிக் காணியும்

அம்மா 2011இல் சீதனமாக எழுதித் தந்தது கல்லடியில் இருபது பேர்ச்சஸ் காணி. வீடில்லாத வெறும் வளவு, மூன்று தென்னை. 2024 பெப்ரவரியில் 48 இலட்சத்துக்கு விற்றேன். உறுதி முடித்த அன்று தரகர், “உங்கட சம்பளத்துக்கு வரி வராது டீச்சர், பயப்படாதீங்க” என்றார்.

என் கணக்கும் அப்படித்தான் ஓடியது. அப்போது ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சம் வரை தனிப்பட்ட நிவாரணம், அதாவது அதுவரை வருமான வரி இல்லை. என் சம்பளம் எட்டு இலட்சத்துச் சொச்சம். மிச்சமுள்ள நாலு இலட்சத்துக்குக் கிட்ட காணி இலாபத்தில் கழியும்தானே?

கழியாது. கொழும்பில் கணக்காய்வு வேலை செய்யும் மச்சாள் போனில் சிரித்தேவிட்டாள். “அந்த நிவாரணம் சம்பளம், வட்டி, வாடகை மாதிரி வருமானத்துக்கு. காணி வித்த இலாபத்துக்கு அதைத் தொட ஏலாது. பத்து வீதம், முதல் ரூபாயிலிருந்தே. அதுவும் வித்து ஒரு மாதத்துக்குள்ள அறிக்கை குடுத்துக் கட்டோணும்.” அப்போது பதினெட்டு நாள் போய்விட்டது. நல்லவேளை, ஜனவரியில் எல்லோரோடும் ஓடித்திரிந்து எடுத்த டின் நம்பர், அதாவது வரி அடையாள எண், கையில் இருந்தது.

ஒரே ஆறுதல், 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே என் பெயரில் இருந்த காணி என்பது. அன்றைய சந்தைப் பெறுமதியையே அடக்கவிலையாக எடுக்கலாம். மதிப்பீட்டாளர் வந்து வேலியோரம் நடந்து, பழைய விற்பனைகளைப் பார்த்து, 33 இலட்சம் என்று அறிக்கை தந்தார்.

2019இல் கட்டிய சுற்றுமதிலுக்கு சீமெந்துக் கடை பில்கள் இருந்தன. மை மங்கிய அந்தத் தாள்களை அம்மாவின் தகரப்பெட்டிக்குள் இருந்து எடுத்தபோது நெஞ்சுக்குள் பால் வார்த்தது. தரகர் காசுக்குத்தான் துண்டே இல்லை. வாங்கப் போனால் மனுஷன் பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டார், முகம் சுழித்தபடி. மதில், தரகு, மதிப்பீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து இலாபத்தில் கழிந்தது 340,000 ரூபாய்.

இலாபம் 1,160,000. அப்போதைய பத்து வீதத்தில் வரி 116,000. இலங்கை வங்கியில் கட்டும்போது இன்னும் நாலு நாள் மிச்சம்.

பெரியம்மா தான் இருந்த வீட்டை விற்றபோது ஒரு சதமும் கட்டவில்லையே என்று வீட்டில் கேட்டார்கள். அவர் அதே வீட்டில் முப்பது வருஷம் குடியிருந்தவர். மூன்று ஆண்டு தன் பெயரில் இருந்து, அதில் இரண்டு ஆண்டாவது குடியிருந்த வீட்டுக்கு விலக்கு உண்டு. மூன்று தென்னைக்குக் கிடையாது.