எனக்கு ஓவரி இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை

வயிற்றில் எப்போதாவது ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணா நீங்கள்? இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து போய், அந்தக் காகிதம் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் சொல்வது பில் அல்ல. பில் என்னிடமும் பத்திரமாக இருந்தது. 2014-இல் எவ்வளவு கட்டினோம் என்று சென் கணக்கோடு இருந்தது. எதை எடுத்தார்கள் என்ற விவரம்தான் எங்கேயும் இல்லை.

எனக்கு 52 வயது. வீடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில், வேலை பிறையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். 41 வயதில் ஃபைப்ராய்டு கட்டிகளால் ரத்தப்போக்கு தாங்க முடியாமல் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதோடு மாதவிடாய் நின்றது, தொல்லை விட்டது என்று இருந்தேன். மற்றவர்களுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகும்போதே மெனோபாஸ் வருகிறது என்று புரிந்துவிடும். எனக்கு அது வந்ததே தெரியவில்லை.

அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து தலைக்குக் குப்பென்று சூடு ஏறி, நைட்டி நனைந்து எழுந்தபோது ஹார்ட் அட்டாக் என்றுதான் பயந்தேன். ஈசிஜி, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். மூன்று மாதம் சரியான தூக்கம் இல்லாமல் வேலைக்குப் போய், சம்பளப் பட்டியலில் ஒருவருக்கு ஓவர்டைமை இரண்டு முறை ஏற்றிவிட்டேன். இருபது வருடத்தில் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை.

பக்கத்துக் கிளினிக் டாக்டர் இது மெனோபாஸ்தான் என்றார். மருந்து கேட்டதும், "ஹார்மோனா? கேன்சர் வரும், வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்கு முன்னால் ஒரு ஹார்மோன் ரத்தப் பரிசோதனைக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார். 52 வயதில் இந்த அறிகுறிகளோடு வருகிற பெண்ணுக்குப் பெரும்பாலும் அந்த டெஸ்ட்டே தேவையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சரி என்று அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு சுராட் (பரிந்துரைக் கடிதம்) வாங்கி, மூன்று மாதம் காத்திருந்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அன்று காலை ஏழரைக்கு நம்பர் எடுத்தேன். பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் தமிழ்ப் பெண், என் மகள் வயது இருக்கும். "ஆன்ட்டி, கர்ப்பப்பை வாயும் சேர்த்து எடுத்தாங்களா? ஓவரி ரெண்டும் இருக்கா? எண்டோமெட்ரியோசிஸ் இருந்துச்சுன்னு சொன்னாங்களா?" என்று அடுக்கினார். நான் முழித்தேன். "எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னாங்க டாக்டர்."

"எல்லாம்னா?"

அன்று ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் வெளியே வந்து பேசியது என் கணவரிடம். நான் மயக்கத்தில் இருந்தேன். அவர் கேட்டு வந்து எனக்குச் சொன்ன இரண்டு வார்த்தை அது. அன்று வீட்டுக்குப் போய் அவரைக் கேட்டால், "எல்லாம்னா எல்லாம்தான், இப்ப எதுக்குக் கேக்குற?" என்கிறார். பதினொரு வருடமாக என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். கோபம் யார் மேல் வந்தது என்று கேட்டால், முக்கால்வாசி என் மேல்தான்.

இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் மருந்து எழுத முடியாது என்றார் டாக்டர். கர்ப்பப்பை இல்லாதவளுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மட்டும் போதும். ஆனால் வாய்ப்பகுதியை விட்டுவிட்டு மேலே மட்டும் எடுத்திருந்தால், உள்சவ்வு கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அப்போது அந்தச் சவ்வு தடிக்காமல் காக்கிற புரொஜெஸ்டெரோன் ஹார்மோனும் சேர்க்க வேண்டி வரலாம். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய், இருந்திருந்தாலும் அதையே யோசிப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் சுரக்கிற ஓவரியையும் (சினைப்பை) எடுத்திருந்தால் எனக்கு மெனோபாஸ் 41 வயதிலேயே வந்துவிட்டது என்று அர்த்தம். பதினொரு வருடம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருந்த எலும்பையும் சோதிக்க வேண்டும். "ஆபரேஷன் ரிப்போர்ட், இல்லாட்டி பேத்தாலஜி ரிப்போர்ட். அதோட புது மேமோகிராம், மார்பக எக்ஸ்ரே. ரெண்டும் கொண்டு வாங்க."

ஆபரேஷன் நடந்தது பினாங்குத் தீவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். லீவு போட்டு, பாலம் தாண்டிப் போனேன். ரெக்கார்ட் கவுன்டரில் இருந்தவர், "காக் (அக்கா), ஃபாரம் எழுதணும், மைகாட் (அடையாள அட்டை) நகல் வேணும், கணவர் கையெழுத்தும் வேணும்" என்றார்.

"கணவர் எதுக்கு? வயிறு என்னுடையது, கேட்பதும் நான்."

"புரோசீடர் காக்."

அந்த புரோசீடரை எழுத்தில் காட்டுங்கள் என்றேன். உள்ளே போனார், பத்து நிமிடம் கழித்து வந்தார், கணவர் கையெழுத்து வேண்டாம் என்றார். உங்களிடமும் இப்படிக் கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எங்கே எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். போனேன். வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "2014-ஆ? அவ்வளவு பழைய ஃபைல் அழிச்சிருப்பாங்க." அழித்துவிட்டார்களா, அழித்திருப்பார்களா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். பாலத்தில் தீவுக்குப் போகும்போதுதான் டோல், திரும்பும்போது இல்லை. வெறுங்கையோடு திரும்பியவளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

மேமோகிராமிலும் ஒரு நாள் போனது. அன்று வழக்கம்போலக் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு போய்விட்டேன். பவுடர், டியோடரன்ட் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரித் தெரியுமாம். துடைத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றேன். முடிந்ததும் ஒரு சிடியைக் கையில் கொடுத்தார்கள். ரிப்போர்ட் என்று நினைத்து வாங்கி வந்தேன், அதில் படம்தான் இருந்தது. எழுத்து ரிப்போர்ட்டுக்குத் தனியாக ஒரு நடை. இன்னொன்று, எல்பிபிகேஎன் என்ற அரசாங்கக் குடும்ப நல வாரியம் வழியாக மேமோகிராமுக்கு மானியம் உண்டு. நமக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் முழுக் காசும் கட்டிய பிறகுதான் கேட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் பெண், "அக்கா, அப்ப இன்சூரன்ஸ் கிளைம் பண்ணீங்களா?" என்று கேட்டாள். சோற்றில் கை அப்படியே நின்றது. கிளைம் செய்தோம். காசு தர வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி அவர்களுக்கு எல்லாக் காகிதத்தையும் அனுப்பியிருக்கும்! அன்று சாயந்திரமே எங்கள் ஏஜென்ட் அண்ணனுக்கு போன் போட்டேன். ரிட்டயர் ஆகிவிட்டார், ஆனால் பழைய கிளைம் நகல்களைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து வாட்சாப்பில் நாலு பக்கம் வந்தது.

மூன்றாவது பக்கம் பேத்தாலஜி ரிப்போர்ட், எடுத்த உறுப்புகளை லேப்பில் சோதித்து எழுதியது. லேப்புக்கு வந்து சேர்ந்த உறுப்புகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். கர்ப்பப்பை, வாயோடு சேர்த்து, எடை 610 கிராம். இரண்டு கருக்குழாய்கள். ஓவரி பட்டியலிலேயே இல்லை. ஃபைப்ராய்டு தவிர வேறு எதுவும் காணவில்லை. டாக்டரின் மூன்று கேள்விக்கும் அரைப் பக்கத்தில் பதில். கணவரிடம் காட்டி, "எல்லாம் எடுக்கலை" என்றேன்.

இரண்டாவது தடவை டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் அந்தக் கேன்சர் பயத்தைக் கேட்டேன். எடுத்ததும் மறுக்கவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு எனக்குப் புரிகிற பாஷை. அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆராய்ச்சியில், கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2002 ஜூலையில் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 30 என்பது 38 ஆனது. எட்டுப் பேர் அதிகம். பேப்பர்களில் வந்ததோ 26 சதவீதம் கூடியது என்று. அதைக் கேட்டுத்தான் உலகமே மாத்திரையைத் தூக்கிப் போட்டது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. பலருக்கு மெனோபாஸ் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஆனா ஆன்ட்டி, நீங்க அந்தக் கூட்டத்துலயே இல்லை" என்றார். என்னைப் போலக் கர்ப்பப்பை எடுத்த 10,739 பேரை வைத்து, ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துத் தனியாக ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலம் தொடர்ந்து பார்த்ததில் குறைந்தே இருந்தது. பக்கவாதம்தான் கூடியது, ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 32 என்பது 44 ஆக. அதனால் அதையும் 2004-இல் நிறுத்தினார்கள். கிளினிக் டாக்டர் என்னைப் பயமுறுத்தியது இன்னொரு கூட்டத்துப் பெண்களின் கணக்கை வைத்து. நான் எந்தக் கூட்டம் என்று சொல்ல அந்த அரைப் பக்கக் காகிதம் வேண்டியிருந்தது.

அந்த ஆராய்ச்சி மாத்திரை கர்ப்பமான குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்தது. மாமியாரிடம் இதை மட்டும் சொல்லவில்லை.

எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் உண்டு, எடையும் உண்டு. மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறைவதைக் கூட்டும், தோலில் தடவுகிற ஜெல்லில் அந்தத் தொல்லை காணப்படவில்லை என்று ஜெல் எழுதினார். ஆஸ்பத்திரி ஃபார்மசியில் ஜெல் இல்லை. வெளியே இரண்டு கடையில் ஸ்டாக் இல்லை, மூன்றாவது கடைக்கு போன் செய்துவிட்டுப் போனேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம். ஜெல்லை மார்பில் தடவக் கூடாது. தடவிய இடம் காயும்வரை, பிறகும் கொஞ்ச நேரம், குழந்தைகள் தொடக் கூடாது. பேத்தி மடியில் ஏறுகிற நேரத்தைத் தவிர்த்து இப்போது ராத்திரியில் தடவுகிறேன்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் கொஞ்சம் குடு" என்று கேட்டார். கொடுக்கவில்லை, கொஞ்சம் வருத்தம் அவருக்கு. அவருக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தடவிக்கொண்டே இருந்தால் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அது புற்றுநோயில் முடியலாம் என்று 1975-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அவருக்கு வேறு மருந்துச்சீட்டு வேண்டும். கிளினிக்குக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "புவான், உங்க ஃபைல் வெளி ஸ்டோர்ல கிடைச்சிருச்சு. ஐம்பது வெள்ளி கட்டி வாங்கிக்கலாம்." மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சனிக்கிழமை திறந்திருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.